பாட்டிக்கு இருப்பது தனிமை இல்லையாம். அப்படியானால் அதற்கு என்ன பெயர்?

சேரம்பாடிப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் தேடி வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் வீடு பந்தலூர் தாலுகாவில், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். வீட்டில் பாட்டி மட்டும்தான். 79 வயது. சிலோனில் ஹட்டன் பக்கம் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவர், 1974இல் தாத்தாவோடும் கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவோடும் கப்பல் ஏறி வந்தவர். எங்கள் லைனில் பத்து வீடு, அதில் மூன்றில்தான் இப்போது விளக்கு எரிகிறது. ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் கிடைக்கும்.

ஒரு ஆறு மாதமாகப் பாட்டி சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசல்படியில் உட்கார்ந்துகொள்கிறார், தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். கூடலூரில் இருக்கும் அத்தை வந்து பார்த்துவிட்டு, "வயசாச்சுல்ல, சும்மா பொலம்புது, விடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு விட மனசில்லை, போன மாதம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நல்ல மாதிரிதான். "தனியா இருக்கறது கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார். பாட்டி, "தனியா இருக்கறது எனக்குப் பழக்கம் சாமி, அது இல்ல" என்றார். "அப்ப என்ன பண்ணுது?" என்றதற்குக் கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டு வந்து என்னவோ சொல்ல வாயெடுத்து அப்படியே விட்டுவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் சொல் வரவில்லை. தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது நானே, "அநாதை மாதிரி இருக்கா பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு புள்ள பெத்தவளப் பாத்து அநாதைங்குற" என்று சொன்னவர் சேரம்பாடி வரை என்னோடு பேசவில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

எனக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரூமில் அந்த மாதிரி ஒன்று வருகிறது. அதனாலும்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள்? டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது சரியான சொல்லோடு போக வேண்டும்.

கோத்தகிரித் தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, உங்கள் அத்தை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. புலம்பு. இப்போது நாம் அதை வெறும் முணுமுணுப்பு, அழுகை என்ற பொருளில் புழங்குகிறோம், அதிலும் பெரியவர்கள் பேசினால் "பொலம்புது" என்று ஒதுக்கிவிடுகிறோம். பழைய தமிழில் புலம்பு என்றால் தனிமை. தொல்காப்பியம் உரியியலில் "புலம்பே தனிமை" என்று இரண்டே சொல்லில் நூற்பா முடிந்துவிடுகிறது. தனியே விடப்பட்டவர் தனக்குத்தானே பேசுவார் என்பதால் பேச்சுக்கும் அதே பெயர் வந்திருக்கும் என்பது என் யூகம். 35 வருஷம் வகுப்பில் இந்த நூற்பாவைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என் சொந்த அம்மா கடைசிக் காலத்தில் புலம்பியபோது ஒருநாளும் இது நினைவுக்கு வரவில்லை.

குறுந்தொகையில் 41ஆம் பாட்டையும் பாருங்கள். அத்தத்தை, அதாவது பாலை வழியை, ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஆட்கள் விட்டுப் போய்விட்டார்கள், முற்றத்தில் அணில் ஓடி விளையாடுகிறது. "மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போலப் புல்லென்று அலப்பென் தோழி". அவர் பிரிந்த நாளில் நான் அந்த வீடு மாதிரி ஆகிவிடுகிறேன் என்கிறாள். எழுதியவரின் பெயர்கூடத் தெரியாமல் அணிலாடு முன்றிலார் என்றே நாம் அழைக்கிறோம். விளக்கு எரியாத ஏழு வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பாட்டிக்கு இதற்கு உரை தேவைப்படாது.

இன்னொன்று அலமரல். "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்பதும் அதே உரியியல்தான். நிலைகொள்ளாமல் மனசு சுற்றுவது. விடியற்காலை மூன்று மணிக்கு வாசல்படியில் வந்து உட்காருவது எனக்கு இதைத்தான் நினைவுபடுத்துகிறது. "இருப்புக் கொள்ளவில்லை" என்று நம் வீடுகளில் சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான்.

அநாதை என்ற சொல்லுக்குப் பாட்டி கோபப்பட்டது சரிதான். நாதன் இல்லாதவர், காப்பாற்ற ஆள் இல்லாதவர் என்று பொருள். அகதி, நிர்க்கதி இரண்டும் கதி என்ற சொல்லிலிருந்து வருகிறவை, போக்கிடம் இல்லாதவர். இந்த மூன்றும் ஒருவரின் நிலைமையைச் சொல்கிற சொற்கள், மனசுக்குள் நடப்பதைச் சொல்வதில்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

வெலிங்டன் வாசி:

நான் தமிழ் படித்தவன் இல்லை, பட்டாளத்தில் 17 வருஷம் இருந்தவன். எங்கள் வீட்டில் இதற்கு ஊர் நினைப்பு என்றுதான் பெயர். முதல் போஸ்டிங் ராஜஸ்தானில். சாப்பாடு நன்றாக இருந்தது, கூட இருந்த பையன்கள் தங்கமானவர்கள், ஆனால் கண் போய் முட்டுவதற்கு ஒரு மலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை போய்க்கொண்டே இருக்கும். முதல் மூன்று மாதம் இரவில் கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன்.

பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். நாஸ்டால்ஜியா என்கிற சொல்லே 1688இல் பாசல் நகரத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காகக் கிரேக்கத்திலிருந்து உண்டாக்கியதாம். நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், ஆல்கோஸ் என்றால் வலி. ஊரை விட்டுப் போன சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு வருகிற நோய் என்று எழுதியிருக்கிறார், சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குப் போன சுவிஸ் சிப்பாய்களுக்கு இது வருவதைப் பற்றி ரொம்ப நாள் பேசியிருக்கிறார்கள். மலைக்காரர்கள் சமவெளிக்குப் போனால் வருகிற நோய்! படித்த அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. உங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் வருவது இதுதான் தம்பி. பாட்டிக்கு வருவது வேறு என்று நினைக்கிறேன், அவர் மலையிலேயேதானே இருக்கிறார்.

பண்ணைக்காடு சிஸ்டர்:

கொடைக்கானல் மலையில் 22 வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வயசானவர்கள் யாரும் என்னிடம் வந்து "தனிமையா இருக்கு" என்று சொன்னதே கிடையாது. "நெஞ்சு பாரமா இருக்கு", "வயிறு பகீர்னு வருது", "சோத்தப் பாத்தாலே வெறுப்பா இருக்கு" என்பார்கள். கொஞ்சம் நேரம் கொடுத்தால் "வீடு வெறிச்சுன்னு கெடக்கு சிஸ்டர்" என்பது வரும். ஆண்களுக்கு அதுவும் வராது, "ஒண்ணும் பிடிப்பில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் பக்கம் விட்டேத்தி என்று ஒரு சொல் உண்டு. இப்போது அலட்சியமானவன் என்ற பொருளில் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஒட்டும் உறவும் இல்லாமல் திரிகிறவன் என்பதுதான் பழைய பொருள் என்று எங்கள் பெரியப்பா சொல்வார்.

தம்பி, சொல் கிடைக்கிறவரை காத்திருக்காதீர்கள். "என்ன பண்ணுது" என்று கேட்டால் யாருக்குமே பதில் வராது. "எப்ப அதிகமா இருக்கு? எங்க உக்காந்தா கொஞ்சம் குறையுது? எப்பத்துல இருந்து?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். ஆறு மாதமாக என்று எழுதியிருக்கிறீர்களே, ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது? அதை யாராவது கேட்டீர்களா?

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டிலும் எதிலும் ஆசை இல்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் அதை மனச்சோர்வு நோயா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையால் குணமாகக்கூடியது, வெட்கப்பட ஒன்றுமில்லை. வயசானவர்களுக்கு தைராய்டு, பி12, ரத்த சோகை, காது கேளாமை இவையும் இதே மாதிரி ஆக்கும், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். "போய்ச் சேந்துடலாம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதைப் புலம்பல் என்று விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச எண் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும்தான் சொல்கிறேன், கோவையில் உட்கார்ந்து தனியாகச் சுமக்காதீர்கள்.

கோவைக்காரர்:

இவ்வளவு யோசிப்பானேன்? கையோடு கோவைக்குக் கூட்டி வந்துவிடுங்கள். பேரனோடு இருந்தால் சரியாகிவிடும்.

கூடலூர்ப் பொண்ணு:

கோவை அண்ணா, நீங்கள் அக்கறையாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒருமுறை வேரோடு பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களை மறுபடியும் "கூட்டி வந்துவிடுங்கள்" என்பது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்தான், அதனால் எழுதுகிறேன்.

பலருக்கு இந்தக் கதையே தெரியாது. 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக உழைத்தவர்களை நாடற்றவர் ஆக்கிவிட்டது. நாடற்றவர், இதுவும் ஒரு சொல்தானே, பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது, அதுதான் 1976இல் டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது.

சரி, வந்தவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் என்ன? தாயகம் திரும்பியோர். எங்கள் அம்மா பிறந்தது நுவரெலியாவில், அவருடைய அம்மா பிறந்ததும் அங்கேதான். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்? ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் படுத்த முதல் ராத்திரி "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்" என்று கேட்டாராம், அப்போது அவருக்கு ஒன்பது வயது. அங்கே இருந்தவரை இவர்கள் இந்தியாக்காரர்கள், இங்கே வந்து ஐம்பது வருஷம் ஆகியும் சிலோன்காரங்க. வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று ஊரே சொன்ன பிறகு, வீடு ஞாபகமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பாட்டிக்கு டாக்டர் முன்னால் சொல் வராமல் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன புலம்பு அருமையான சொல், ஆனால் பாட்டியே தனிமை இல்லை என்கிறாரே. இன்னொன்றும் இருக்கிறது. கைவிடப்பட்டேன் என்று அழலாம், ஊர் இரங்கும். விட்டுவிட்டு வந்தேன் என்பவர் எப்படி அழுவார்? ஒரே லயத்தில், அதாவது லைன் வீட்டில், அக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வரும், தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை வரும். எங்கள் அம்மாவின் தாய்மாமன் அப்படி அங்கேயே நின்றுவிட்டவர், கடைசிவரை முகம் பார்க்கவில்லை. பேரன் தம்பி, பாட்டி அங்கே யாரை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். மெதுவாக.

சேரம்பாடிப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன், அதனால் பதில் தாமதம்.

சிஸ்டர் சொன்ன மாதிரியே கேட்டேன். ராத்திரி மழை, கரண்ட் இல்லை, அடுப்பங்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். "எப்பத்துல இருந்து பாட்டி?" என்றேன். உடனே பதில் வந்தது, "ராசாத்திச் சேதி வந்ததுல இருந்து". வீட்டில் அப்படி ஒரு பெயரை நான் கேட்டதே இல்லை. பாட்டியின் கடைசித் தங்கையாம். அவருக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அங்கேயே நின்றுவிட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் இறந்துவிட்டார் என்று அங்கிருந்து யாரோ அப்பாவுக்குச் சொல்ல, அப்பா போனில் இரண்டு வார்த்தையில் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சித்தி முகமே தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியவில்லை. எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பாட்டி தலைக்குக்கூடத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லையாம். யாரிடம் சொல்லி ஊற்றுவது என்கிறார்.

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. ஹட்டன் ஸ்டேஷன், தலைமன்னாருக்குப் போகிற ரயில். அழுகைக் கோச்சி என்று சொன்னார், அங்கே ரயிலைக் கோச்சி என்பார்களாம். உள்ளே இருப்பவர்களும் அழுவார்கள், வெளியே நிற்பவர்களும் அழுவார்கள். தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடிகிற வரை ஓடி வந்தது, "போயிட்டுச் சீக்கிரம் வாங்கக்கா" என்று சொன்னது எல்லாம் சொன்னார்.

நான் கேட்காமலேயே அந்தச் சொல்லும் வந்தது. "மனசுக்குத் தரிப்பு இல்லடா. அவ அங்க இருக்கான்ற வரைக்கும், ராத்திரி நெனப்பு போயி அங்க கொஞ்ச நேரம் தரிச்சிட்டுத் திரும்பி வரும். இப்பப் போறதுக்கு எடமில்ல, அங்கயும் இங்கயும் அலையுது."

தரிப்பு. இதை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், 16ஆம் தேதி டாக்டரிடம் போகிறோம். ரத்தப் பரிசோதனையும் கேட்கப் போகிறேன் சிஸ்டர்.

கோவை அண்ணா, கூட்டி வருகிறேன் என்று சொல்லியும் பார்த்தேன். "இன்னொரு தடவ மூட்ட கட்ட மாட்டேன்" என்றார்.

கூடலூர்ப் பொண்ணு:

தம்பி, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தரிப்பு என்ற சொல் வந்ததும் வாசிப்பதை நிறுத்தச் சொன்னார். அங்கே பஸ் ஸ்டாப்புக்குத் தரிப்பிடம் என்று போர்டு இருக்குமாம், இங்கே வந்த பிறகு அந்தச் சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்கவே இல்லை என்கிறார்.

கோத்தகிரித் தமிழாசிரியர் (ஓய்வு):

பாட்டியின் சொல்தான் சரி. நான் சொன்ன அலமரலுக்கு நேர் எதிர்ச்சொல் தரித்தல், நிலைத்து நிற்பது. இந்தச் சொற்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வயதாகியும் தோன்றவில்லை. பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சேரம்பாடிப் பேரன்:

சொல்கிறேன் ஐயா. அக்கா, வருகிற அமாவாசைக்குத் தங்கச்சி பெயரில் இலை போட வேண்டும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அப்பா அம்மாவும் திருப்பூரிலிருந்து வருகிறார்கள். லைனில் இருக்கிற மற்ற இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். தங்கச்சியைத் தெரிந்தவர் என்று இங்கே யாரும் இல்லையே என்பதுதான் பாட்டிக்குக் குறை.

கூடலூர்ப் பொண்ணு:

தெரியாவிட்டால் என்ன, அந்தக் கோச்சியில் வந்தவர் இருக்கிறாரே. அம்மா வருகிறேன் என்கிறார். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து எடுத்து வருகிறோம், உங்கள் பாட்டிக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவோம், யானை வழி என்கிறீர்கள், ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும்.